மலையில் ஒரு வீடா, மதுரையில் இரண்டு வீடா?

மே மாதத்தில் கொடைக்கானல் போய்விட்டு மலையிறங்கும்போது, வத்தலக்குண்டு வருவதற்குள் அந்தப் பேச்சு காருக்குள் வந்துவிடும். "இங்கே நமக்கென்று ஒரு வீடு இருந்தால், நாம் வராத நாளில் வாடகைக்கு விட்டுவிடலாமே." எங்கள் காரிலும் 2016-இல் வந்தது. அடுத்த ஆண்டே நானும் என் மைத்துனரும் சேர்ந்து பெருமாள்மலைப் பக்கம் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை வாங்கினோம். ஏழு ஆண்டுகள் அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டோம். அதே காலத்தில் மதுரையில் எனக்கு இருக்கும் இரண்டு குடியிருப்புகளில் மாத வாடகைக்குக் குடும்பங்கள் இருந்துவந்தன. இரண்டுக்கும் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு.

போன மாதம் பணி ஓய்வு பெற்ற என் சித்தப்பா மகன், கையில் வந்த 70 லட்சத்தை எதில் போடலாம் என்று கேட்டார். மலையில் ஒரு வீடா, மதுரையில் இரண்டு வீடா என்பதுதான் கேள்வி. அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் தெரு, உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் கணக்கு கவிழ்கிறது என்பது தெரிய வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு விவரம்.

முதலில் மலை. விற்பவர்களும் புரோக்கர்களும் சொல்லும் கணக்கு இப்படி இருக்கும்: ஓர் இரவுக்கு 5,000 ரூபாய், மாதம் 30 நாள், ஒன்றரை லட்சம். பாதி நாள் போனால்கூட 75,000. மதுரையில் எந்த வீடு மாதம் 75,000 தரும்? கேட்கும்போது மறுப்புச் சொல்லத் தோன்றாது. ஆனால் மலையில் ஆண்டுக்கு 365 இரவுகள் விற்பனைக்கு இல்லை. கோடை சீசன் ஏப்ரல், மே என இரண்டு மாதம். மற்ற காலத்தில் வெள்ளி, சனி இரவுகள். இடையில் ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறைகள். இவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஜூன், ஜூலை மாதங்களின் காற்றும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும், ஆளில்லாத செவ்வாய், புதன்களும்தான்.

ஓரளவு நன்றாக நடக்கும் ஒரு வீட்டுக்குக் கணக்குப் போடுவோம். ஏப்ரல், மே மாதங்களின் 61 இரவுகளில் 45 இரவுகள் நிரம்புகின்றன; இரவுக்கு 5,500 ரூபாய் வீதம் 2,47,500. மற்ற மாதங்களின் வார இறுதிகளில் 86 இரவுகள் இருக்கின்றன. அவற்றில் 50 நிரம்பினால், 4,500 வீதம் 2,25,000. பண்டிகை விடுமுறைகளில் 15 இரவுகள், 5,500 வீதம் 82,500. வாரநாட்களில் தேனிலவுத் தம்பதிகளும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இளைஞர்களும் வந்து 20 இரவுகள், 3,000 வீதம் 60,000. ஆக 130 இரவுகள், 6,15,000 ரூபாய். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான இரவுகள்தான் நிரம்பியிருக்கின்றன. இதற்கே நல்ல படங்களும் நல்ல விமர்சனங்களும் வேண்டும்.

இனிச் செலவு. முன்பதிவுத் தளங்கள் வழியாக மூன்றில் இரண்டு பங்கு விருந்தினர் வருகிறார்கள், கமிஷன் 15 சதவீதம் என்று வைத்தால் 61,500. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கேர்டேக்கருக்கு மாதம் 12,000 வீதம் 1,44,000. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். துவைப்பு, துப்புரவு என 80 முறைக்கு 500 வீதம் 40,000. கீசர், எரிவாயு, விறகு, இணையம் எல்லாம் சேர்த்து மாதம் 6,000 வீதம் 72,000. தண்ணீர் லாரிக்கு 20,000. பழுது, பெயிண்ட், மெத்தை, பாத்திரம் ஆகியவற்றுக்கு 70,000. சொத்துவரி, காப்பீடு, உரிமம், ஆடிட்டர் என 30,000. உரிமையாளர் மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை போய்வர 3,000 வீதம் 36,000. கூட்டினால் 4,73,500. கையில் நிற்பது 1,41,500 ரூபாய். போட்ட 70 லட்சத்துக்கு ஆண்டுக்கு 2 சதவீதம்.

பழுதுக்கு 70,000 அதிகம் என்று சித்தப்பா மகன் சொன்னார். மலையில் வீடு வைத்திருக்காதவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஏழாயிரம் அடி உயரத்தில் ஈரம் சுவருக்குள் குடியிருக்கும். மழைக்காலத்தில் இரண்டு வாரம் பூட்டிவைத்த அறையில் மெத்தையில் பூசணம் பூத்துவிடும். குரங்கு கூரை ஓடுகளை நகர்த்தும். காட்டுமாடு வேலியைச் சாய்த்துவிட்டுப் போகும். ஒரு குடும்பம் வாழும் வீட்டில் செப்டிக் டேங்க் பல ஆண்டுகள் தாங்கும். வார இறுதிக்குப் பத்துப் பேர் வந்து போகும் வீட்டில் அந்தக் கணக்கே வேறு. எங்கள் வீட்டில் மூன்றாம் ஆண்டு அது நிரம்பியது மே மாதத்தின் ஒரு சனிக்கிழமை இரவு. விருந்தினருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு இடமும் பிடித்துக் கொடுத்தோம்.

மதுரைக்கு வருவோம். அதே 70 லட்சத்தில் தலா 35 லட்சம் என்று பதிவுச் செலவு உட்பட இரண்டு சிறிய குடியிருப்புகள். (தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் வருகிறது. மலை வீட்டுக்கும் அதேதான். இதை மறந்து பட்ஜெட் போடுபவர்கள் கடைசியில் நகையை அடகு வைக்கிறார்கள்.) ஒவ்வொன்றுக்கும் மாத வாடகை 12,000 என்றால் ஆண்டுக்கு 2,88,000. ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடக்கிறது என்று வைத்தால் 2,64,000. சொத்துவரி 10,000, பெயிண்டும் பழுதும் 40,000, புரோக்கருக்கு 12,000. மிஞ்சுவது 2,02,000. இது 2.9 சதவீதம்.

வங்கி வைப்பு வட்டி 6 சதவீதத்தைச் சுற்றி இருக்கும் காலத்தில் 2, 2.9 இரண்டுமே சிறிய எண்கள். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீடு வாங்குபவர் மண்ணின் விலை ஏறும் என்று நம்பித்தான் வாங்குகிறார். வாடகை அந்தக் காத்திருப்புக்குக் கிடைக்கும் கூலி. அதனால் வீட்டுக் கடன் வாங்கி இந்த இரண்டில் எதையும் செய்யாதீர்கள். எட்டு சதவீதத்துக்கு வாங்கி இரண்டு, மூன்று சதவீதம் சம்பாதிக்கும் வீட்டுக்கு மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து தீனி போட வேண்டிவரும்.

சரி, மலை வீடு மதுரையை முந்த எத்தனை இரவுகள் வேண்டும்? சம்பளமும் பழுதும் ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டதால், 130-க்கு மேல் வரும் ஒவ்வோர் இரவும் பெரும்பாலும் லாபம்தான். சராசரி 3,500-இல் கமிஷன், துவைப்பு, மின்சாரம் போக 2,650 ரூபாய் கையில் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 60,500. அதை அடைக்க 23 இரவுகள் கூடுதலாக வேண்டும். 153 இரவுகள் என்பது என் கணக்கில் எல்லைக்கோடு. 180 இரவுகள் ஓட்டத் தெரிந்தவருக்கு ஏறக்குறைய 4 சதவீதம் கிடைக்கும். மதுரை அதன் பக்கத்தில் வர முடியாது. அப்படி ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எல்லோரும் மலையிலேயே இருப்பவர்கள். இரவு பதினொரு மணிக்கு மலைப்பாதையில் வழி தவறிய காருக்கு டார்ச்சோடு போய் நிற்பவர்கள், காலையில் தாங்களே இட்லி அவித்துக் கொடுப்பவர்கள். கேர்டேக்கர் சம்பளம் 1,44,000-மும் போக்குவரத்து 36,000-மும் அவர்களுக்குச் செலவே இல்லை. நான் மதுரையில் உட்கார்ந்து போனில் நடத்தினேன். வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது. மலை வீடு ஒரு தொழில். சொத்து என்று நினைத்து வாங்கியவர், முழு நேர வேலை ஒன்றைச் சம்பளமில்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

எல்லைக்கோட்டுக்குக் கீழே விழுவது இன்னும் எளிது. சீசனில் 20 இரவுகள் போனாலே ஏறக்குறைய 90,000 போய்விடும்; ஆண்டின் மிச்சம் 50,000-ஆகச் சுருங்கும். 20 இரவுகள் போவதற்கு என்ன நடக்க வேண்டும்? நாங்கள் வாங்கிய அடுத்த ஆண்டு, 2018 நவம்பரில், கஜா புயல் வந்து மலைப்பாதையெங்கும் மரங்களைச் சாய்த்தது. 2020-இல் கொரோனா ஊரடங்கு கோடை சீசனை முழுதாக விழுங்கியது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அந்த வாரத்தில் எங்களிடம் முன்பதிவு செய்திருந்த இரண்டு குடும்பங்கள், எதற்கு வம்பு என்று மூணாறுக்குப் போய்விட்டன. 2025 கோடையில் நாளொன்றுக்குக் கொடைக்கானலுக்கு வாரநாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். மலையின் தண்ணீரையும் காட்டையும் பார்த்தால் அந்த வரம்பு நியாயமானது, நான் அதற்கு எதிரானவன் அல்லன். ஆனால் உங்கள் வருமானத்தின் பெரும்பகுதி ஓர் உத்தரவின் கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பணம் போடுங்கள். ஊரடங்குக் காலத்தில் மதுரையில் ஒரு வீட்டில் மூன்று மாத வாடகை தாமதமானது. பிறகு தவணையாக வந்து சேர்ந்தது. மலையில் பறிபோன மே மாத வருமானம் திரும்பி வரவில்லை.

கணக்கு நோட்டில் எழுத முடியாத ஒரு செலவும் உண்டு. மலையில் வீடு இருக்கிறது என்றால் சொந்தபந்தம் வரும். வருவது மே மாதத்தில்தான், பள்ளி விடுமுறை அப்போதுதானே. அத்தை மகள் குடும்பத்திடம் இரவுக்கு 5,500 கேட்க முடியுமா? கேட்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன், உறவு அதைவிடப் பெரியது. ஆனால் மே மாதத்தில் உறவினர் தங்கும் ஆறு இரவுகளின் விலை 33,000 ரூபாய் என்பதை மனத்தில் வைத்துத்தான் வீடு வாங்க வேண்டும். நாங்களே போய் இருக்க ஆசைப்பட்டதும் அதே மாதத்தில்தான். வாங்கிய காரணமே அதுதானே.

சட்டப் பக்கம் மலையில் கவனம் கூடுதலாக வேண்டும். கொடைக்கானலில் கட்டடம் கட்ட மலைப்பகுதிக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. குடியிருக்க என்று அனுமதி வாங்கிய வீட்டை விடுதியாக நடத்தலாமா என்பது தனிக் கேள்வி. 2019-இல் நீதிமன்ற உத்தரவின்படி அங்கே விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல் வைத்தபோது, நல்ல லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த இடங்களும் ஒரே நாளில் மூடின. அனுமதி பெற்ற வரைபடமும் நிற்கும் கட்டடமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாடி கூடுதலாக இருந்தாலும் அது உங்கள் தலையில்தான் விழும். வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குப் படிவம் அனுப்ப வேண்டும் என்பதும் பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது.

மாத வாடகையில் எல்லோருக்கும் இருக்கும் பயம், குடியிருப்பவர் காலி செய்ய மறுத்தால் என்ன செய்வது என்பது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து வடிவ ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பதிவு செய்து வைத்திருப்பவருக்கு வழக்கு என்று வந்தால் கையில் பிடிமானம் இருக்கிறது. முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டுபவருக்கு அது இல்லை.

வரியில் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன. மாத வாடகை, வீட்டுச் சொத்து வருமானம். சொத்துவரி போக மிச்சத்தில் 30 சதவீதத்தை, நீங்கள் செலவழித்தாலும் இல்லாவிட்டாலும், கழித்துக்கொள்ளலாம், ரசீது தேவையில்லை. உணவு, துப்புரவு என்று சேவையோடு நடத்தும் மலை வீட்டு வருமானம் பெரும்பாலும் தொழில் வருமானமாகப் பார்க்கப்படும். அதில் உண்மையான செலவுகளையும் தேய்மானத்தையும் கழிக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். மேலே போட்ட கணக்கில் தேய்மானம் கழித்தால் மலை வீட்டுக்கு வரியே வராமல் போகலாம். இந்த ஓர் இடத்தில் மலைக்குத்தான் சாதகம். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருக்கும்வரை நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. தளங்கள் வழியாக வரும் முன்பதிவுக்கு அந்தத் தளமே வசூலித்துக் கட்டிவிடுகிறது. உங்கள் வீடு எந்த வகையில் வரும் என்பதை முதல் ஆண்டே ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

மதுரைக்காரர்கள் மூன்றாவதாக ஒன்றைக் கேட்பார்கள்: ஒத்திக்கு விட்டால் என்ன? மாத வாடகை கிடையாது. ஒரு பெருந்தொகையை வாங்கிக்கொண்டு, மூன்று ஆண்டு கழித்து அதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். 12,000 வாடகை வரும் வீட்டுக்கு 7 லட்சம் ஒத்தி என்றால், அந்தப் பணத்தை வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 45,000 அளவில்தான் வட்டி வரும். வாடகையோ 1,44,000. சேமிப்பு வைத்திருப்பவர் ஒத்திக்கு விடுவதில் அர்த்தமே இல்லை. ஆனால் இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு, கடன் வாங்கித் தவிப்பவருக்கு அதே 7 லட்சம் ஆண்டுக்கு 1,68,000 வட்டியை மிச்சப்படுத்தும். ஒத்தி அவருக்கானது. மூன்றாண்டு முடிவில் திருப்பிக் கொடுக்கும் பணத்துக்கு வழி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அது தெரியாமல் வீட்டையே விற்றவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

நாங்கள் கடைசியாக எடுத்த முடிவு இந்தப் பட்டியலில் முதலில் இருக்கவே இல்லை. கொடைக்கானலிலும் மாத வாடகைக்கு வீடு தேடும் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டு உடனிருக்கும் பெற்றோர், ஆசிரியர்கள், இணையத்தில் வேலை பார்ப்பவர்கள். மாதம் 18,000 வீதம் பதினொரு மாதம் என்றால் 1,98,000. பழுதுக்கு 50,000, வரிக்கும் காப்பீட்டுக்கும் 15,000, ஆண்டுக்கு நான்கு முறை போய்வர 12,000 கழித்தால் 1,21,000 நிற்கிறது. நாள் வாடகைக்கு விட்டுக் கிடைத்ததாகப் போட்ட 1,41,500-க்கும் இதற்கும் வித்தியாசம் 20,500 ரூபாய். அந்த 20,500-க்காக ஏழு ஆண்டுகள் சனிக்கிழமை இரவுகளில் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறேன். இப்போது அங்கே ஓர் ஆசிரியைக் குடும்பம் இருக்கிறது. தினமும் அடுப்பெரியும் வீட்டில் பூசணமும் குறைந்துவிட்டது.

ஆகவே சித்தப்பா மகனுக்கு நான் சொன்னது: நீங்களும் அண்ணியும் மலையிலேயே குடியேறி, வருபவர்களை வரவேற்று வாழப் பிரியப்பட்டால் வாங்குங்கள், அந்த வாழ்க்கை அழகானது, கணக்கும் ஒத்துவரும். மதுரையிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் மதுரையில் வாங்குங்கள். மே மாதத்தில் ஒரு வாரம் கொடைக்கானலில் யாரோ ஒருவர் வீட்டில் காசு கொடுத்துத் தங்கிவிட்டு வாருங்கள்.

அவருக்கு இன்னும் மலை மீதுதான் மனம் இருக்கிறது. அதனால் ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். விற்பவர் காட்டும் முன்பதிவுப் பட்டியலை வாங்கிப் பார்ப்பதோடு, அந்த வீட்டின் மின் இணைப்பு எண்ணைக் கேட்டு, இரண்டு ஆண்டுக்கான இருமாத மின் கட்டண விவரத்தையும் பார்க்க வேண்டும். மலையில் விருந்தினர் வந்தால் கீசர் ஓடாமல் இருக்காது. ஏப்ரல், மே மாத யூனிட்டையும் ஜூன், ஜூலை மாத யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்த வீட்டில் எத்தனை இரவுகள் ஆள் இருந்தார்கள் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். எண்ணை வாங்கிவிட்டதாக நேற்று இரவு போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்.